கதவை அடைக்கும் கல்

உசிலம்பட்டி
12.2.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஒச்சம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் என் மாமியாரும் சுகம். சுகம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். உண்மையில் நான் சுகமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பொங்கல் கழிந்து ஒரு நாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்யூட்டியில் இருந்தேன். ஹெட்செட்டின் பட்டை கழுத்தில் உறுத்தியது. தளர்த்தினேன். மறுபடியும் உறுத்தியது. கையை வைத்துப் பார்த்தால் உறுத்தியது பட்டை இல்லை. சங்குக்குக் கீழே, இடது பக்கமாக, கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. எச்சில் விழுங்கினால் மேலே ஏறி இறங்குகிறது.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சீட்டு எழுதினார். என்னவென்று கேட்டேன். "தைராய்டும்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். வீட்ல கலந்துக்கிட்டு வா" என்றார். வரிசை வாசல்வரை நின்றது, அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

நம் அய்யாவும் கழுத்தில் கட்டியோடுதான் போனார். கடைசி வருஷம் முழுக்கத் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, யார் கேட்டாலும் "பனி" என்பாரே. எனக்கு அப்போது பதினெட்டு வயது. கூடவே இருந்து பார்த்தவன் நீதான். ஊரில் கண்டமாலை என்றார்கள். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று மதுரைக்கே கூட்டிப் போகவில்லை. என் சீட்டில் எழுதியிருப்பதும் அதுதானா?

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் எழுதும் ஆபீசில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு இந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லு. பெயர்கூடத் தெரியாத ஒன்று கழுத்தில் குடியிருக்கிறதை என்னால் தாங்க முடியவில்லை.

பதில் வரும்வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் தங்கை,
ஒச்சம்மாள்


சென்னை
16.2.1981

அன்புத் தங்கை ஒச்சுவுக்கு,

அண்ணன் தவசியின் ஆசிகள். கொஞ்சம் சளி இருக்கிறது, மற்றபடி நலம். மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கம்.

உன் கடிதம் காலையில் வந்தது. ஆபீசுக்குக்கூடப் போகாமல் பதில் எழுதுகிறேன். பயப்படாதே. அந்தப் பெயரில் பயப்பட ஒன்றும் கிடையாது, கேள்.

அது கிரேக்கச் சொல். அந்த மொழியில் துரா என்றால் கதவு. துரெயோஸ் என்றால், கதவு திறந்துகொள்ளாமல் இருக்க அதன்மேல் சாய்த்து வைக்கும் பெரிய கல். முதல் அர்த்தம் அதுதான். பிறகு போர்வீரர்கள் கதவு உயரத்துக்கு ஒரு நீண்ட கேடயம் செய்தார்கள். அம்பை அடைக்கிறது அல்லவா, அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். பிறகு வந்த வைத்தியர்கள் ஆண்களின் கழுத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் குருத்தெலும்பைப் பார்த்தார்கள், கேடயம் மாதிரி இருக்கிறதே என்று அதற்குத் தைராய்டு என்று பெயர் வைத்தார்கள். அதைத்தான் நம்மூரில் சங்கு என்கிறோம். சண்டை வந்தால் முதலில் அறுக்கப்போவதாகச் சொல்கிறார்களே, அதே சங்கு. அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டு ஒரு சுரப்பி இருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் இங்கிலாந்து வைத்தியர் அதற்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெயரை வாங்கிக்கொண்ட சுரப்பி அது. பார்க்கப்போனால் கேடயம் மாதிரியே இருக்காது, வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும்.

ஆகவே உன் சீட்டில் நோயின் பெயர் இல்லை. உடம்பில் உள்ள ஓர் இடத்தின் பெயர்தான் இருக்கிறது. எல்லாருக்கும் அது உண்டு. எங்கள் குழுவில் அதைக் கேடயச் சுரப்பி என்பதா, கழுத்துச் சுரப்பி என்பதா என்று இன்னும் தீரவில்லை. அந்தச் சொல்லுக்கான அட்டை ஒரு வருஷமாக என் மேசையிலேயே கிடக்கிறது.

கல் என்றதும் சிரிப்பு வந்தது. இந்த மேன்ஷனில் என் அறைக்கதவின் தாழ்ப்பாள் உடைந்து நாளாகிறது. நானும் உள்ளே ஒரு கல்லைத்தான் அண்டக் கொடுத்திருக்கிறேன். கிரேக்கனுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

டாக்டர் சொன்னபடி செய். தள்ளிப் போடாதே. குலசாமி கும்பிடும் மாசிப் பச்சைக்கு வர முடியாது, வேலை இருக்கிறது. சாமிக்கு என் பங்குத் தேங்காயை நீயே உடைத்துவிடு.

அன்புள்ள அண்ணன்,
தவசி


உசிலம்பட்டி
8.3.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சளி விட்டதா? இங்கே மாசிப் பச்சை நல்லபடி நடந்தது. குலசாமி கோயிலில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். இரண்டாவது வருஷமாக நீ வரவில்லை. உன் தேங்காயை உடைத்தேன், சரிபாதியாக உடைந்தது.

நீ எழுதிய அர்த்தத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை ஆறுதலாக இருந்தது. நாலாவது தடவை பயமாக இருந்தது. கதவை அடைக்கிற கல் என்று எழுதியிருக்கிறாயே, சோற்றை வாயில் வைக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. ஒருநாள் அடைத்தே விடுமோ?

வீட்டில் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். உன் மாப்பிள்ளை மாட்டுக்குத் தவிடு வைக்கப் போனவர் தொழுவத்திலேயே நிற்கிறார். மாமியாருக்குத் தாலிதான் கவலை. கழுத்தில் ஆபரேஷன் என்றால் தாலியைக் கழற்ற வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை நாங்கள் பேசும்போது மாமியார் காதில் வாங்கிவிட்டார். "எம் மகன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில கழுத்த மூளியா வச்சுக்கிட்டுக் கத்திக்குப் படுப்பியாடி?" என்று அழுகிறார். அவரைக் கோபிக்க முடியவில்லை. எனக்கே அதைக் கழற்ற மனசு வரவில்லை.

இன்னொன்று, இதை வீட்டில் சொல்லவில்லை. அந்த இடத்துக்குப் பின்னால் குரலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறதாம். அதில் கை பட்டுவிட்டால் குரல் போகலாமாம். அண்ணே, எனக்குக் குரல்தான் வேலை. குரல் போனால் டெலிபோன் போர்டு முன்னால் யார் என்னை உட்கார வைப்பார்கள்?

உன் போட்டோ ஒன்று அனுப்பு என்று தீபாவளிக்கே கேட்டேன். அதையாவது செய்.

உன் தங்கை,
ஒச்சம்மாள்


சென்னை
1.4.1981

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நீ சொன்ன நரம்பைப் பற்றிப் புத்தகத்தில் பார்த்தேன். அது தலையிலிருந்து நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. குரல்வளையைத் தாண்டி நெஞ்சுவரை இறங்கி, அங்கே ஒரு ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. அதனால் அதற்குத் திரும்பி வரும் நரம்பு என்று பெயர். கைதேர்ந்த டாக்டர்கள் முதலில் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கட்டியைத் தொடுவார்கள். நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் ஏதாவது ஆகும். அதுவும் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் கட்டியை வளரவிட்டால், அதுவே போய் அந்த நரம்பைப் பிடித்துக்கொள்ளும். அப்போது குரல் கம்மும். அதற்கு அப்புறம் போனால் டாக்டருக்கும் கஷ்டம்.

அதனால்தான் சொல்கிறேன், தள்ளிப் போடாதே. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைப்போல நீ ஆகக் கூடாது.

தாலியைப் பற்றி நர்ஸிடமே கேள். உன்னைப்போல ஆயிரம் பேரைப் பார்த்திருப்பார்கள், ஏதாவது வழி வைத்திருப்பார்கள்.

போட்டோ இத்துடன் இருக்கிறது.

அன்புள்ள அண்ணன்,
தவசி


உசிலம்பட்டி
21.4.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. அங்கேயும் அப்படித்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

போட்டோ வந்தது. பழனியில் முடி இறக்கிவிட்டு எடுத்த படம், எங்கள் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. இப்போதைய முகத்தைக் கேட்டால் ஆறு வருஷத்துக்கு முந்தைய மொட்டையை அனுப்புகிறாய்.

தாலிக்கு வழி கிடைத்துவிட்டது. மாமியாரை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். நர்ஸ் அவரை உட்கார வைத்து, "ஆத்தா, தாலியை மஞ்சக் கயித்துல கோத்து மணிக்கட்டுல கட்டி விட்ருங்க. அது உங்க மருமக மேலதான இருக்கும்?" என்றார். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கடைசியில், "நாந்தேன் கட்டுவேன், வேற ஆளு தொடப்படாது" என்றார். மே நாலாம் தேதி ஆபரேஷன். மூன்றாம் தேதியே படுக்கையில் சேர வேண்டும்.

திருவிழாவுக்கு மதுரை போனபோது மாரியம்மன் கோயில் வாசலில் உருவம் விற்கிறவனிடம் நின்றேன். கண்ணுக்கு நோய் என்றால் வெள்ளித் தகட்டில் கண் வாங்கி உண்டியலில் போடுவோமே, அதேபோலக் கழுத்து வாங்கலாம் என்று நினைத்தேன். தட்டு நிறையக் கண், கை, கால், வயிறு. கழுத்து இல்லை. கேட்டால், "கழுத்துன்னு தனியா வராதுக்கா. முகம் எடுத்துக்கங்க, அது அடியில கொஞ்சூண்டு கழுத்தும் இருக்கு" என்றான். பார்த்தேன், மோவாய்க்குக் கீழே அரை விரல்கடை இருந்தது. சாமிக்குப் புரியுமோ புரியாதோ என்று வாங்காமல் வந்துவிட்டேன். இந்த உடம்பில் வேறெங்காவது நோய் வந்திருக்கக் கூடாதா?

உன் கூட்டாளி சுடலை ஊருக்கு வந்திருந்தான். திருவல்லிக்கேணியில் உன்னைப் பார்த்தானாம். இந்த வெயிலில் மப்ளர் சுற்றிக்கொண்டு போனாயாம். கூப்பிட்டும் நிற்கவில்லை என்று வருத்தப்பட்டான்.

உன் தங்கை,
ஒச்சம்மாள்


சென்னை
26.4.1981

அன்புத் தங்கைக்கு,

நலம். சுடலை கூப்பிட்டது காதில் விழவில்லை. பஸ் சத்தம்.

நாலாம் தேதி என்று முடிவு செய்தது நல்லது. எனக்குச் சில விவரங்கள் வேண்டும். டாக்டர் அமுக்கிப் பார்க்கும்போது என்ன சொன்னார்? கட்டி கல்போலக் கெட்டியாக இருக்கிறதா, அமுக்கினால் கொஞ்சம் கொடுக்கிறதா? காதுக்குக் கீழே சின்னச் சின்னதாக வேறு ஏதாவது தட்டுப்படுகிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா? இதெல்லாம் இருந்தால் டாக்டர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு எழுது. ஒன்றையும் விட்டுவிடாதே.

பயப்படாதே. பயப்பட ஒன்றும் இல்லை. நானும் வந்து நிற்க வேண்டும், ஆனால் வர முடியாத நிலை.

அன்புள்ள அண்ணன்,
தவசி


உசிலம்பட்டி
2.5.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நீ கேட்ட எதுவும் எனக்கு இல்லை. கட்டி அமுக்கினால் கொடுக்கிறது, மூச்சு முட்டவில்லை, புரை ஏறவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் நான் செய்தது உனக்கே தெரியும். பன்னிரண்டு வருஷ வேலையில் ஒருநாளும் சொந்தக் காரியத்துக்கு லைனைத் தொட்டதில்லை. அன்றைக்குத் தொட்டேன். மதுரை எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சிநேகிதி உன் ஆபீசுக்கு இணைத்துக் கொடுத்தாள். நீ வருவதற்கு வெகுநேரம் ஆனது. பிறகு "ஒச்சு" என்றாய், "சளி" என்றாய், "பயப்படாதே" என்றாய். மூன்று நிமிஷம் ஆனதும் ட்ரங்க் கால் பேசும் ஊராருக்கெல்லாம் சொல்கிற மாதிரி, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று உன்னையே கேட்டேன். நீ வேண்டாம் என்று வைத்துவிட்டாய்.

இன்று காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய், அந்த உருவக்காரனிடம் முகம் வாங்கினேன். ரெண்டு வாங்கினேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

உன் தங்கை,
ஒச்சம்மாள்


மதுரை
6.5.1981

மச்சானுக்கு மாப்பிள்ளை விருமாண்டி எழுதும் கார்டு. நலம், நலம் அறிய ஆவல். முந்தா நாள் ஆபரேசன் முடிந்தது. ரெண்டு மணி நேரம் உள்ளே வைத்திருந்தார்கள். கழுத்தில் பெரிய கட்டுப் போட்டிருக்கிறது. கஞ்சி குடிக்கிறாள். ஆத்தா பக்கத்திலேயே இருக்கிறது, தாலி கட்டின கையை விடவே மாட்டேன் என்கிறது. எல்லாம் சரி, ஒன்றுதான். ஒச்சம்மா இன்னும் பேசவில்லை. வாயை அசைக்கிறாள், காற்றுத்தான் வருகிறது. டாக்டரைக் கேட்டால் பார்ப்போம் என்கிறார். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி இருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை மச்சான். நீங்கள் வந்தால் தேவலை.


சென்னை
11.5.1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கார்டு கிடைத்தது. ஒச்சுவுக்குக் குரல் வந்துவிட்டதா? ஒரு வரி எழுதுங்கள். சதைப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதையும் எழுதுங்கள். அவளைக் கத்திக்குப் போ, போ என்று விரட்டியவன் நான்தான். அவள் குரல் போயிருந்தால் அதற்கு நான்தான் காரணம். என்னால் இப்போது வர முடியவில்லை.

தவசி


சென்னை
30.5.1981

அன்புத் தங்கைக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தினமும் மாடிப்படியில் தபால்காரருக்காக நிற்கிறேன். உனக்கு என்ன ஆயிற்று? நல்லதோ கெட்டதோ, எழுது. ஒன்றும் எழுதாமல் இருக்காதே.

தவசி


உசிலம்பட்டி
14.6.1981

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். சுகமாகவும் இருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

பரிசோதனை முடிவு போன வாரம் வந்தது. சாதாரணக் கட்டிதானாம், கெட்டது ஒன்றும் இல்லையாம். டாக்டரம்மா சொன்னதும் உன் மாப்பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மாமியார் அங்கேயே தாலியை மணிக்கட்டிலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டார். தழும்பின்மேல் பட்டது, வலித்தது, பரவாயில்லை என்று இருந்தேன்.

குரல் பதினெட்டாம் நாள் வந்தது. பழைய குரல் இல்லை, கரகரக்கிறது. சத்தம் போட்டுக் கூப்பிட முடியவில்லை. நாலு மாசத்தில் தேறும் என்கிறார்கள். ஆபீசில் அதுவரை ரிஜிஸ்தர் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

உனக்கு வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. முடிவு கைக்கு வராமல் எழுதினால் நான் கேட்கப்போவதை உன்னிடம் கேட்க முடியாது. இப்போது கேட்கிறேன்.

அண்ணே, உன் கழுத்தில் எத்தனை நாளாகக் கட்டி இருக்கிறது?

இல்லை என்று எழுதாதே. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன், நீ ஆபீஸ்கூடப் போகாமல், அறையில் உட்கார்ந்தபடியே, கதவு, கல், கேடயம், இங்கிலாந்து வைத்தியர் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட உனக்கு இல்லை. அப்போதே எனக்கு என்னவோ போல் இருந்தது. அப்புறம் மப்ளர். அய்யாவின் துண்டை மறக்கிறவளா நான்? அப்புறம் நீ கேட்ட கேள்விகள். அவை என் கட்டியைப் பற்றிய கேள்விகள் இல்லை.

கடைசியில் உன் குரல். நான் ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். உசிலம்பட்டியில் யாருக்குச் சளி, யார் குடித்திருக்கிறார், யார் அழுதுவிட்டுப் பேசுகிறார் என்று ஹலோ சொல்வதற்குள் சொல்லிவிடுவேன். நீ "ஒச்சு" என்றாய். அது அய்யாவின் கடைசி மாசக் குரல். அடுத்த அழைப்பை இணைக்க முடியாமல், போர்டில் விளக்குகள் எரிய எரிய, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அப்புறம் எனக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடிவரக்கூட வழி இல்லாமல் போய்விட்டது. கத்தி வைத்தால் செத்துவிடுவோம் என்றுதானே நீ உட்கார்ந்திருக்கிறாய்? கத்தி வைத்தும் ஒருத்தி பிழைத்திருக்கிறாள் என்று உனக்குக் காட்ட வேண்டியிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது சாமியை நினைக்கவில்லை. உன்னைத்தான் நினைத்தேன்.

பதில் எழுது.

ஒச்சம்மாள்


சென்னை
20.7.1981

அன்புத் தங்கைக்கு,

ஐந்து வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

இரண்டு வருஷம் ஆகப்போகிறது. முகம் மழிக்கும்போது கையில் பட்டது. மறுநாள் ஆபீசில் அந்தச் சொல்லை எடுத்தேன். பெயரின் பூர்வீகம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் நூலகத்தில் அதைப்பற்றி நான் படிக்காத பக்கம் இல்லை. குழுவில் அந்தச் சொல் விவாதத்துக்கு வரும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒத்திப் போட்டதும் நான்தான். ஆனால் ஒரு டாக்டரிடமும் கழுத்தைக் காட்டவில்லை. உனக்கு எழுதிய "பயப்படாதே" எல்லாம் எனக்கு நானே எழுதிக்கொண்டது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அய்யா கடைசியில் தண்ணீர் கேட்டார். கேட்டார் என்று நான்தான் சொல்கிறேன், குரல் கிடையாது. கையைக் காட்டினார். கொடுத்தேன், இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை அகலத் திறந்தபடி இருந்தார். எனக்கு இப்போது தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது, ஒச்சு.

கட்டி கல்லாக இருக்கிறது. உன்னுடையதைப்போலக் கொடுக்கவில்லை. டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும், அதனால்தான் போகவில்லை. மே மாதக் கடைசியிலிருந்து லீவு போட்டிருக்கிறேன். அறையை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. சாப்பாட்டுக்காரர் வந்து தட்டினால் கல்லைக் கொஞ்சம் நகர்த்தித் தட்டை வாங்கிக்கொள்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாற்பத்தோரு வயதில் தங்கையிடம் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

தவசி


உசிலம்பட்டி
23.7.1981

அண்ணே,

உன் கடிதம் காலையில் வந்தது. படித்து அழுதேன், முகத்தைக் கழுவிவிட்டு எழுதி எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன்.

சனிக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். உன் மாப்பிள்ளையும் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி நேராக உன் மேன்ஷனுக்கு வருவோம். அன்று ராத்திரி வண்டிக்கே மூன்று பேருமாகத் திரும்புகிறோம். டாக்டரம்மாவிடம் போனில் பேசிவிட்டேன். "முதல்ல ஆளக் கொண்டாம்மா. கல்லோ மண்ணோ, நான் பாத்துச் சொல்றேன். இந்த மாதிரி எத்தனையோ பேரப் பாத்தாச்சு" என்றார். பிழைத்துவிடுவார் என்று சொல்லவில்லை. அதனால் நானும் உனக்கு அப்படிச் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து பயப்பட வேண்டியதில்லை, அதை மட்டும் சொல்கிறேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் பயப்படுகிறேன்.

அன்றைக்கு ரெண்டு முகம் வாங்கினேன் என்று எழுதினேனே, எதற்கு ரெண்டு என்று நீ கேட்கவே இல்லை. ஒன்றைப் போன வெள்ளிக்கிழமை உண்டியலில் போட்டுவிட்டேன். இன்னொன்றை மஞ்சள் துணியில் முடிந்து பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதைப் போட வேண்டியது நீ.

வந்து கதவைத் தட்டுவேன். சாப்பாட்டுக்காரர் என்று நினைத்துத் தட்டை நீட்டாதே. வெளியில் நின்று உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் குரலுக்கு இன்னும் பலம் இல்லை. சனிக்கிழமை ராத்திரியே அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிடு.

உன் தங்கை,
ஒச்சு